தூக்கிக் கட்டிய கம்பி

"நாளைக்குச் சபையில எழுந்து நில்லும்மா. போன வாரம் நீ சொன்ன சாட்சி உண்மை இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு."

மூத்தவள் இதைச் சொன்னபோது அம்மா ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வலது கை கட்டுப் போட்டு மார்போடு கிடந்தது. இடது கை போதாத இடத்துக்கு முகவாயையும் முழங்காலையும் வேலைக்குச் சேர்த்திருந்தாள். முகவாயில் இடுக்கியிருந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"போச்சு," என்றாள் சமையலறை வாசலில் நின்ற அத்தை. "எதை வேணா கேளு, அதை மட்டும் உங்கம்மாகிட்ட கேக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டிகிரி வாங்கினவ காதுல ஏறுமா?"

அத்தை, செத்துப்போன அப்பாவின் தங்கை. மூத்தவளுக்கு அவள் வைத்த பெயர் 'டிகிரி'. அந்த வம்சத்திலேயே கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் என்பதால் அந்தப் பெயரில் பாதி பெருமை, பாதி குத்தல். இன்றைக்குக் குத்தல்தான் முக்கால் பங்கு.

"நீ சும்மா இரு அத்தை. இத்தனை வருஷம் சும்மாதானே இருந்தே, இன்னைக்கும் இரு."

"பாத்தியா அண்ணி உன் பொண்ணு வாயை? இந்த வாயை ரோலர்ல விட்டா ரோலர்தான் நசுங்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அத்தைக்கே உறைத்தது. அந்த வீட்டில் இப்போது அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அம்மாவும் அத்தையும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்தவை ஈரத்தோடு இஸ்திரி ரோலருக்கு வரும். ஓர் அறையின் அகலத்துக்கு நீண்ட, கொதிக்கும் இரும்பு உருளை. விரிப்பின் ஒரு முனையை அம்மா பிடிக்க, மறுமுனையை அத்தை பிடிக்க, இருவரும் சேர்ந்தாற்போல் உருளையின் வாயில் கொடுப்பார்கள். அது உள்ளே இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் காய்ந்த துணியாகக் கக்கும்.

உருளையின் வாய்க்கு முன்னால், அகலம் முழுக்க ஒரு கம்பி தொங்கும். விரல் அதில் பட்டால் போதும், மிஷின் நின்றுவிடும். கையைக் காப்பதற்கென்றே வைத்த கம்பி. ஆனால் தடித்த போர்வையின் மடிப்பு இடித்தாலும் மிஷின் நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓட்ட நேரமாகும், வெளியே லாரி காத்திருக்கும், மேற்பார்வையாளர் குதிப்பார். அதனால் கம்பியைத் தூக்கி, கந்தலான விரிப்பிலிருந்து கிழித்த நாடாவால் மேலே கட்டிவிடுவார்கள். காலையில் முதலில் வருகிறவள் கட்ட வேண்டும். இது அங்கே யாரும் எழுதி ஒட்டாத சட்டம். சட்டம் போட்டவர் மேற்பார்வையாளர்.

அவர் சபையில் மூப்பர். அங்கே வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேரை வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான், ஞானஸ்நானத்துக்கு அழைத்துப் போனதும் அவர்தான். ஆகவே மிஷின் முன்னாலும் எல்லோருக்கும் அவர் மூப்பரய்யாதான். காலையில் மிஷினைப் போடுவதற்கு முன் எல்லோரும் கண்ணை மூடி நிற்பார்கள், அவர் ஜெபம் பண்ணுவார். அந்த ஜெபத்தின்போதும் கம்பி மேலே கட்டியேதான் இருக்கும்.

ஒரு நாள் ஈரப் போர்வையின் ஓரம் அம்மாவின் விரல்களைச் சுற்றிக்கொண்டது. அத்தை மறுமுனையை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் முறையாகச் சபைக்குப் போனபோது அம்மா சாட்சி சொன்னாள். சாட்சி சொல்வதற்கு அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. முதலில் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் குற்றத்தைச் சொல்லக் கூடாது. தன்னை எவ்வளவு சின்னவளாக்கிக்கொள்கிறாளோ அவ்வளவுக்கு 'ஸ்தோத்திரம்' பலமாகக் கேட்கும். அம்மா எழுந்து நின்று, "வேலையில கொஞ்சம் கண் அசந்துட்டேன். என் அஜாக்கிரதைதான். கை முழுசும் போயிருக்கணும். கர்த்தர் மூணு விரலோட நிறுத்தினார்" என்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கண் அசந்தவளே இல்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால்கூடக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வருகிறவள்.

மூத்தவளுக்குக் கால் சென்டரில் வேலை. யாரோ செய்த கோளாறுக்காக, யாரென்றே தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிற வேலை. அதனால் அன்றைக்கு அம்மாவின் குரல் அவளுக்குப் புதிதாக இல்லை. தினமும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவிக்குள் கேட்கிற அவளுடைய சொந்தக் குரல்தான் அது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விட்டது தப்பு என்பது வாரத்தின் நடுவில் தெரிந்தது. மூப்பர் பழப்பையோடு வீட்டுக்கு வந்தார். விபத்து பற்றி விசாரிக்கத் திங்கட்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி வருகிறாராம்.

"சபையில சொன்னதையே அவர்கிட்டயும் சொல்லுங்க சகோதரி. தேவ சந்நிதியில ஒண்ணு, மனுஷன் முன்னாடி ஒண்ணுன்னு நாம பேசக் கூடாது இல்லையா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"உங்க இடத்துக்கு வெளியாளை எடுக்க எனக்கு மனசு வரல. உங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி வரட்டும். சின்னவதான் படிப்பு முடிச்சிட்டுச் சும்மா இருக்காளே. சனிக்கிழமை வந்து பழகிக்கட்டும்."

அம்மா நன்றி சொன்னாள். கைகூப்பப் போய், பாதியில் ஒரு கை கட்டுக்குள் இருப்பது ஞாபகம் வந்து, தலையை மட்டும் தாழ்த்தினாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. சின்னவள் பழகிவிட்டு அத்தையோடு இப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். அவள் புறங்கையில் ஒரு சிவந்த தடம். உருளையின் வாயோரம் பட்ட சூடு. அதைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே அவள் வெள்ளந்தியாகச் சொன்னதுதான் இத்தனைக்கும் காரணம்.

"கம்பியைக் கட்டித்தான்க்கா வெச்சிருக்காங்க. திங்கட்கிழமை அந்த ஆபீசர் வர்ற நேரத்துக்கு மட்டும் அவுத்து விட்டுடுவாங்களாம். எப்படிக் கட்டுறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு சுத்து, ஒரு முடிச்சு."

மூத்தவள் தங்கையின் புறங்கையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவிடம் போய் அந்தக் கோரிக்கையை வைத்தாள்.

அம்மா கீழே விழுந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவர் முன்னாடி சொன்னதைத் திருப்பி எடுக்கிறதா? அது என்ன கடையில வாங்கின பொருளா?"

"பொய்யைத்தானே திருப்பி எடுக்கச் சொல்றேன்? ஆண்டவருக்கு உன் பொய் எதுக்கும்மா?"

"பொய் இல்லடி." அம்மாவின் குரல் இறங்கியது. "அன்னைக்குக் காலையில முதல்ல போனது யாரு தெரியுமா? நான்தான். கம்பியைத் தூக்கிக் கட்டினது இந்தக் கைதான். கட்டின கையைத்தான் அது கடிச்சுது. இதுல நான் யாரைக் குத்தம் சொல்ல?"

"கட்டச் சொன்னது யாரு?"

"சொன்னா செஞ்சிடுறதா? எனக்கு அறிவு வேண்டாமா?"

"கட்டாதவளை அவர் என்ன பண்ணுவாருன்னு அத்தையைக் கேளு."

அத்தை கூரையைப் பார்த்தாள். "எதுக்குடி என்னை இழுக்குற? போன வருஷம் ஒருத்தி கட்ட மாட்டேன்னா. அடுத்த வாரம் அவளைக் காணோம். வேற என்ன? அவளுக்காகவும் மூப்பர் ஜெபம் பண்ணினார், அதையும் சொல்லணும்ல."

"சின்னவ திங்கட்கிழமை அதே இடத்துல நிக்கப் போறாம்மா," என்றாள் மூத்தவள். "நீ கண் அசந்துட்டேன்னு சொன்னா விசாரணை முடிஞ்சுது. மிஷின் மேல குத்தமே இல்லன்னு ஆயிடும். ஆபீசர் படி இறங்கின உடனே கம்பி மேல ஏறிடும். உன் மூணு விரல் பத்தலையா?"

அம்மா சின்னவளின் கையைப் பார்த்தாள். இடது கையால் அந்தக் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, தடத்துக்கு மேலே லேசாக ஊதினாள்.

"ஆபீசர்கிட்ட மாத்திச் சொல்லணும்னா, முதல்ல சபையில திருத்தணும்," என்றாள் கடைசியில். "அதைத் திருத்தாம இதைச் சொன்னா நான் ரெண்டு இடத்துலயும் பொய்க்காரி. நாளைக்கு நிக்கிறேன். ஆண்டவர் வாயைத் திறந்தா சொல்றேன்."

"உன் வாய்தானே? நீயே திற."

"வாயை மூடுடி," என்றாள் அம்மா.

டயர்க் கடைக்கு மேலே இருந்தது சபை. படிக்கட்டில் ரப்பர் வாடை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு மேசை, ஓரத்தில் கீபோர்டு. அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் மூத்தவள், அந்தப் பக்கம் சின்னவள். முதல் வரிசையில் மூப்பரின் வழுக்கைத் தலை.

போதகர் நல்ல மனிதர். நல்லதை மட்டுமே பார்க்கப் பழகிய கண் அவருக்கு. ஆராதனை தொடங்கியதுமே முகமெல்லாம் மலர அறிவித்தார்: "கையில் காயம் பட்ட நம்முடைய சகோதரியை ஆண்டவர் கைவிடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்திக்கு அதே இடத்தைக் கொடுப்பதாக நம் மூப்பர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட மேலதிகாரிகளை ஆண்டவர் நமக்கு இன்னும் நிறையத் தர வேண்டும்."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது சபை. மூப்பர் எழுந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை அசைத்து உட்கார்ந்தார்.

சாட்சி நேரம் வந்தது. ஒருவர் தன் மகனுக்குக் காய்ச்சல் நின்றதைச் சொன்னார். ஒரு பெண் காணாமல் போன சாவி கிடைத்ததைச் சொன்னாள். பிறகு யாரும் எழவில்லை. மூத்தவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது தள்ளுவதுபோல ஆகிவிடும்.

அம்மா எழுந்தாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன வாரம் உங்க முன்னாடி ஒண்ணு சொன்னேன்," என்றாள். "என் கையைப் பத்தி. அதுல ஒரு குறை இருக்கு. அதை இன்னைக்கு..."

குரல் கம்மியது.

"அன்னைக்கு நான் கண்... நான் கண் அசரல. அந்தக் கம்பி..."

அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாட்சி சொல்கிறவர் அழுது, பேச முடியாமல் திணறினால், அவர்களைத் தனியாகத் தவிக்க விடமாட்டார்கள். யாராவது ஒரு பாட்டை எடுத்துக் கொடுப்பார்கள், எல்லோரும் சேர்ந்து பாடி அவர்களைத் தாங்கிக்கொள்வார்கள். அப்பா இறந்த வாரம் அம்மா இப்படித் திணறியபோது சபை பாடியது. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வருடத்தைக் கடந்தாள். அது பொய் இல்லை. அப்போது மூத்தவளும் சேர்ந்து பாடியிருக்கிறாள்.

"ஸ்தோத்திரம்! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்று மூப்பர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒரு பாட்டின் முதல் அடியை எடுத்தார். கீபோர்டு பிடித்துக்கொண்டது. சபை எழுந்து நின்றது.

அம்மாவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்கிறாள் என்பது பக்கத்தில் நின்ற மூத்தவளுக்கே கேட்கவில்லை. பின்வரிசைப் பெண்கள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தார்கள். ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தன் கைக்குட்டையால் அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். எல்லோருக்கும் அம்மாவின் மேல் அன்பு இருந்தது. அன்பாலேயே அவளை நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தார்கள்.

மூப்பர் தெரிந்துதான் செய்தாரா என்பது மூத்தவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. திரும்பிப் பார்த்த அவர் கண்களில் நிஜமாகவே நீர் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நடிக்கிறவனாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது போதகரும் மூப்பரும் வழியில் நின்றிருந்தார்கள். அம்மா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"சகோதரி, நாளைக்கு நீங்க அலைய வேண்டாம்," என்றார் மூப்பர். "உடம்பு இன்னும் தேறல, பேசவே முடியல உங்களால. ஆபீசர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். இத்தனை பேர் கேட்ட சாட்சி இருக்கே. சின்னவளை மட்டும் நேரத்தோட அனுப்பி வைங்க."

"சின்னவ வரல," என்றாள் மூத்தவள்.

"என்னம்மா?"

"நான் வரேன்."

மூப்பர் சிரித்தார். "நீயா? நீ படிச்ச பொண்ணும்மா. ஏசி ரூம்ல உக்காந்து வேலை பார்க்கிறவ. அந்தச் சூட்டுல உனக்கென்ன வேலை?"

"வீட்டுப் பொண்ணு ஒருத்தின்னுதானே சொன்னீங்க? நானும் இந்த வீட்டுப் பொண்ணுதான். பாஸ்டர் இப்பத்தான் சபை முன்னாடி சொன்னார், நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்கன்னு. தேவ சந்நிதியில ஒண்ணு, படிக்கட்டுல ஒண்ணுன்னு பேச மாட்டீங்க இல்ல?"

மூப்பரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. போகவும் இல்லை, வரவும் இல்லை. போதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாழ்மையான மனசு," என்று மூத்தவளின் தலையைத் தொட்டார் பாவம். அவருக்கு அதுதான் தோன்றியது. அவர் அப்படிச் சொன்ன பிறகு மூப்பரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"சரி, வா," என்றார். "வேலைன்னா வேலைதான், பாத்துக்க. படிச்சவன்னு சலுகை கிடையாது."

"கேக்கல," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது.

"உன்னைப் படிக்க வெச்சது இதுக்காடி? அத்தனை வருஷம் அந்த நெருப்பு முன்னாடி நின்னேனே, நீ அங்க வந்து நிக்கிறதுக்கா?"

"நீ பேசியிருந்தா நான் போக வேண்டியதில்ல."

"பேசத்தானே எழுந்தேன்! ஆண்டவர் என் வாயை அடைச்சிட்டார், நான் என்ன பண்ண?"

"அடைச்சது ஆண்டவர் இல்லம்மா, கீபோர்டு."

கன்னத்தில் அறை விழுந்தது. இடது கை அறை. பழகாத கை என்பதால் காதோரம் பட்டு நழுவியது. அடித்தவளும் அடிவாங்கியவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னவள் மூலையில் அழுதாள். சுவரில் பட்டமளிப்பு விழாப் படத்தில் மூத்தவள் கறுப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மூத்தவள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் ஜெபம் பண்ணுகிற இடம் அது. அவளுக்கு ஆண்டவர் மேல் கோபம் இருந்தது. கோபப்படுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதில் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அவரைத் திட்டினாள். அம்மா எழுந்தாளே, எழுந்து நிற்க வைத்தது நீர்தானே, இன்னும் நாலு வார்த்தை பேச விட்டிருந்தால் உமக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டாள். பதில் வரவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அம்மாவின் பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. யாரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவையின் கதை. வேதத்திலிருந்து அம்மா அடிக்கடி சொன்ன கதை அது ஒன்றுதான். கல்லூரியில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பியபோது, வேலை முடிந்து வியர்வையோடு தினமும் அந்த அலுவலக வாசலில் போய் நின்றாள் அம்மா. காவலாளி துரத்தினால் நகர்ந்து நின்று, அவன் உள்ளே போனதும் திரும்பவும் வாசலுக்கே வந்தாள். கடைசியில், இந்த அம்மா தொல்லை தாங்கவில்லை என்று சொல்லித்தான் இடம் கொடுத்தார்கள். கேட்காதே என்று சொன்னதைக் கேட்கும் வியாதி மூத்தவளுக்கு வானத்திலிருந்து வந்ததில்லை.

வண்டி கிளம்பிவிட்டது. அவள் ஆண்டவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு என்கூட வாரும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

விடிந்தபோது சலவைக்கூடத்துச் சீருடையைப் போட்டுக்கொண்டாள். அம்மாவுடையது. தோள் பொருந்தியது, கை கொஞ்சம் நீளம். சோப்புக் காரத்தின் வாடை துவைத்தும் போகவில்லை. அத்தை வந்து வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"கவர்னர் வேலைக்குப் போவான்னு பார்த்தா, கஞ்சித் துணிக்கு வந்துட்டா எங்க டிகிரி. கால் சென்டர்ல என்ன சொன்னே?"

"மன்னிக்கவும், இன்னைக்கு வர முடியாதுன்னு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மன்னிக்கவும்தான்."

அத்தை குரலைத் தாழ்த்தினாள். "அங்க போய் என்னடி பண்ணப் போற? உன்னைப் பேசவே விட மாட்டார். ஆபீசர் வர்றப்போ கம்பி கீழே ஜம்முனு தொங்கும். கட்டினதுக்கு அடையாளமே இருக்காது."

"பேச வேண்டாம் அத்தை. கம்பி கீழே இருக்கட்டும். ஆபீசர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது தடிப் போர்வையை எடுத்து ரோலர்ல விடுவேன். மிஷின் நிக்கும். ஓட்டச் சொல்லி அடுத்த போர்வையை விடுவேன். அதுக்கும் நிக்கும். இந்த மாதிரி நின்னு நின்னு ஓடினா ஒரு நாள் லோடு எப்படி முடியுதுன்னு அவரே கேப்பார். கேக்கலன்னா நான் கேப்பேன், இத்தனை நாள் எப்படி முடிச்சீங்க மூப்பரய்யான்னு."

அத்தை தன் சீருடையின் பொத்தானைத் திருகினாள். "நான் வாயைத் திறக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். எனக்கு வீட்டுல நாலு வயிறு இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஆனா போர்வைக்கு மறுமுனையைப் பிடிக்க ஒருத்தி வேணும்ல. அது என் வேலைதான். அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

"வேலை போனா?"

"போனா உன்னாலதான் போச்சுன்னு ஆயுசுக்கும் திட்டுவேன். வா."

அம்மா அறைக்குள்ளிருந்து வந்தாள். இரவு அவள் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூத்தவளின் முன்னால் வந்து நின்று, அவளைத் திருப்பினாள். பின்னலைப் பிடித்துச் சுருட்டினாள். தொங்குகிற முடி உருளைக்கு ஆகாது. ஒரு கையால் சுருட்டிப் பிடிக்கத்தான் முடிந்தது, கட்ட முடியவில்லை. ரப்பர் வளையத்தைப் பல்லால் கடித்து இழுத்து, முகத்தை மகளின் பிடரியில் அழுத்தி, எப்படியோ மாட்டினாள். அவளுடைய மூச்சு மூத்தவளின் கழுத்தில் சூடாகப் பட்டது.

"நான் வரட்டுமா?" என்றாள் பின்னாலிருந்து.

"வேண்டாம்மா. உன்னைப் பார்த்தா திரும்பவும் பாட ஆரம்பிச்சிடுவாங்க."

அம்மாவின் வயிறு குலுங்கியது முதுகில் தெரிந்தது. சிரித்தாளா, அழுதாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்க காலையில ஜெபம் பண்ணுவாங்க," என்றாள் அம்மா. "எல்லாரும் கண்ணை மூடுவாங்க. நீ மூடாத. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே ஜெபம் பண்ணு. ஆண்டவர் அதையும் கேப்பார்."

"சரிம்மா."

"கை எப்பவும் துணியோட ஓரத்துல இருக்கட்டும். உள்ள விரலை மடிக்காத. துணி இழுத்தா விட்டுடு, துணி போனா போகட்டும்."

"சரி."

"அந்த ஆபீசர் கேட்டா..." அம்மா நிறுத்தினாள். மூத்தவள் காத்திருந்தாள். பாட்டு எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. "எங்கம்மா கண் அசரலன்னு சொல்லு. முழிச்சுக்கிட்டுதான் இருந்தான்னு சொல்லு. கம்பியைக் கட்டினது அவதான், கட்டச் சொன்னது மூப்பர்தான்னு சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. வேணும்னா வீட்டுக்கு வரச் சொல்லு. இங்க கீபோர்டு இல்ல."

மூத்தவள் திரும்பினாள். அம்மாவின் கட்டுப்போட்ட கை அவள் தலையின் மேல் வந்து உட்கார்ந்தது. துணியும் மருந்து வாடையும் இரண்டே விரல்களுமாக இருந்த அந்தக் கை கனமாக இருந்தது. அம்மா கண்களைத் திறந்தபடியே உதடுகளை அசைத்தாள். ஆமென் என்றாள்.

சின்னவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை ஏற்கெனவே பாதிப் படி இறங்கி, "லாரிக்காரன் வந்து தாலாட்டுப் பாடுவானா, வாடி" என்று கத்திக்கொண்டிருந்தாள். மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு, நீளமாயிருந்த சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டே வெளியே நடந்தாள்.